தும்பை தாங்குகிறாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குதிரை சாகவில்லை. கதைக்குள் ஒரு மிருகம் வந்தால் கடைசிப் பக்கத்தில் அதைக் கொன்றுவிடுகிறார்கள். படிக்கிறவர்களை அழவைக்க அது சுலபமான வழி. எனக்கு அந்த வேலை பிடிக்காது. தும்பை நன்றாக இருக்கிறாள். பயப்படாமல் படியுங்கள்.

எங்கள் பண்ணை அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறும் பாதையில் இருக்கிறது. பண்ணை என்றால் ஓட்டப் பந்தயக் குதிரைகள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். எங்களிடம் இருப்பதெல்லாம் நாட்டுப் பெட்டைக் குதிரைகள். சந்தையில் வாங்கியவை. பெங்களூரிலும் பூனாவிலும் இருக்கிற விலை உயர்ந்த குதிரைகள் குட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை வீணாக்கக் கூடாதாம். அதனால் அவற்றின் கருவை எடுத்து எங்கள் குதிரைகளின் வயிற்றில் வைக்கிறார்கள். பெரிய இடத்துப் பிள்ளையைச் சின்ன இடத்து வயிறு சுமக்கிறது. இதில் புதிதாக ஒன்றும் இல்லை, குதிரைக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

நான் அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் வளர்மதி. எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். சேர்ந்த அன்று மேனேஜர் என் சான்றிதழைப் புரட்டிக்கொண்டே, "எந்தக் கோட்டாம்மா?" என்று கேட்டார். "மூளைக் கோட்டா சார், உள்ள இருந்தாத்தான் குடுப்பாங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் நேரடியாகப் பேசுவதில்லை. நிம்மதி.

ஒவ்வொரு குதிரையின் கட்டுத்தறிக்கும் மேலே தூணில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குப் பெயர் தோழி. காலையில் அது பேசும். "வணக்கம். இன்று தும்பை எப்படி இருக்கிறாள்?" என்று கேட்கும். குதிரையைப் பார்த்துக்கொள்கிற அக்காக்கள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை அது எழுத்தாக்கி மருத்துவருக்கு அனுப்பும், மருந்தின் அளவையும் அதை வைத்தே கூட்டும், குறைக்கும்.

இது கம்பெனி தயவில் வந்ததில்லை. சில வருடங்களுக்கு முன்னால் இந்த மாதிரிப் பண்ணைகளில் குதிரைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. செலவை மிச்சம் பிடிக்க மருத்துவர்கள் பாதியில் வைத்தியத்தை நிறுத்தினார்கள். குதிரையோடு இருந்தவர்கள் கத்தியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொடி பிடித்து, ரோட்டில் உட்கார்ந்து, கடைசியில் சட்டம் வந்தது. பராமரிப்பவர் சொல்லைக் கேட்டுத்தான் வைத்தியம் செய்ய வேண்டும். அவர் சொல்லுக்கு எதிராக மருத்துவர் தொடரவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. நல்ல சட்டம். அதன் வாலில் ஒரு முள்ளும் இருந்தது. சொல் தப்பாகப் போய்க் குதிரைக்கு ஏதாவது ஆனால், சொன்னவர்தான் பொறுப்பு. வேலை போகும், பண்ணைக்குள் இருக்கிற வீடும் போகும்.

தும்பையைப் பார்த்துக்கொண்டவர் பாவாயக்கா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எந்தச் சொல்லால் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். பண்ணையில்தான் முதல் தடவையாக ஒரு குரல் அவரை "பாவாயி அவர்களே" என்றது. அது ஒரு பெட்டியின் குரல்தான். ஆனாலும் அந்தப் பெட்டியிடம் பேசுவதற்கு முன்னால் அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வந்த புதிதில் ஓசோன் வைத்தியத்தைப் பற்றி அவர்தான் என்னிடம் கேட்டார். தும்பையின் கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் ஒரு பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அலமாரி போன்ற இயந்திரம் அதற்குள் ஓசோனைக் கலந்தது. கறுத்த ரத்தம் பளிச்சென்று சிவந்தது.

"ஏங்கண்ணு, இதென்ன ஜெராக்ஸ் கடையாட்டம் நாத்தமடிக்குது?"

"ஜெராக்ஸ் மிசின்லயும் இதே காத்துதான்க்கா வரும். ஓசோன்."

"அப்ப தும்பைய ஜெராக்ஸ் எடுக்கறாங்களா? ஒண்ணு போதுஞ்சாமி, இவ கடிக்கற கடிக்கே என்ற தோளு தாங்கல."

சிரித்துவிட்டேன். பிறகு சொன்னேன். "நாம இழுக்கற மூச்சுக் காத்து உள்ள போயி எரியுதுல்லக்கா, அதுல பொறி தெறிக்கும். கொஞ்சம் தெறிச்சா ஒடம்பே அணைச்சுக்கும். பிரசவம், ஊசி, திரும்பத் திரும்பக் கரு வெக்கறதுன்னு அலைக்கழிச்சா அணைக்க முடியாத அளவுக்குப் பொறி பறக்கும். கருப்பை வெந்த மாதிரி ஆயிரும். வெச்ச கரு நிக்காது."

"செரி. அதுக்கு இந்தக் காத்து தண்ணி ஊத்துமாக்கும்?"

"இல்ல. இதுவும் நெருப்புதான்."

"அட எழவே."

"ஊர்க் கோடியில ஒரு கைப்பிடி ஓலை பத்திக்கிச்சுன்னா என்ன பண்ணுவாங்க? ஊரே கொடத்தத் தூக்கிட்டு ஓடி வரும்ல? அந்த மாதிரி. கொஞ்சூண்டு பத்த வெச்சு ஒடம்ப உசுப்பி விடறது. ஓடி வந்த கூட்டம் பழைய நெருப்பையும் சேத்து அணைச்சுரும்."

பாவாயக்கா தும்பையின் நெற்றியைச் சொறிந்துகொண்டே யோசித்தார். "தெனமும் பத்த வெச்சா?"

"ஒரு நாளு யாரும் கொடம் எடுத்துட்டு வர மாட்டாங்க."

"அதுக்கு மேல பெருசா வெச்சா?"

"கொடம் எடுக்க வர்றவங்க ஊடும் எரியும்."

வைத்தியம் என்பது இவ்வளவுதான். அளவு பிடிபட்டால் மருந்து, தவறினால் கொள்ளி. அந்த அளவைத்தான் தோழி முடிவு செய்தது. ரத்தத்தில் நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். எரிப்பு எவ்வளவு, அதை அணைக்கும் காப்பு எவ்வளவு. இரண்டும் தெளிவாக இருந்தால் தோழிக்குக் குழப்பம் இல்லை. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே மஞ்சளில் நின்று இழுபறி ஆகும்போது பராமரிப்பவர் சொல்லைக் கேட்டு முடிவெடுக்கும்.

தும்பைக்கு ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. காப்பு ஏறியது, கருப்பைப் புண் ஆறியது. மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது எரிப்பும் சேர்ந்து ஏறியது. பிறகு காப்பு இறங்க ஆரம்பித்தது. ஓசோனின் அளவு மட்டும் குறையவே இல்லை, கூடிக்கொண்டே போனது. கரு வந்து இறங்கும் நாளன்று காலையில் ரத்தம் பார்த்தேன். காப்பு மஞ்சளின் அடிக்கோட்டைத் தொட்டிருந்தது. திரையில் அன்றைய ஓசோன் அளவு அதுவரை எந்தக் குதிரைக்கும் கொடுக்காத அளவாக இருந்தது. மத்தியானம் பூனாவிலிருந்து கரு வருகிறது, அதற்குள் கருப்பை தயாராக வேண்டுமாம்.

மருத்துவர் நந்தகோபனின் அறைக்குப் போனேன். சென்னைக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஏசி அறையைவிட்டு வெளியே வராதவர், அவ்வளவுதான்.

"சார், தும்பைக்கு இன்னிக்கு ஓசோன் வேண்டாம்."

"ஏன்?"

"காப்பு விழுந்துடுச்சு."

"மஞ்சள்லதானே இருக்கு? சிவப்பு ஆகலையே."

"சிவப்பு ஆனப்புறம் சொல்றதுக்கு நான் எதுக்கு சார்? லைட்டே சொல்லிரும்."

அவர் பெருமூச்சு விட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். பாவாயக்காவின் சொற்கள் வரிசையாக இருந்தன. எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே வரி. தும்பை தாங்குகிறாள். முன்னங்கால்கள் உடல் எடையைத் தாங்குகின்றன. சிகிச்சையை நன்கு ஏற்கிறாள்.

"கூடவே இருக்கற அம்மா சொல்றாங்க. உங்க டெஸ்ட் டியூப்பை விட அவங்களுக்குத் தெரியாதா? கீழ இருக்கறவங்க குரலைக் கேக்கணும்னு மீட்டிங்ல சண்டை போட்டது நீங்கதானே வளர்மதி?"

'கீழ' என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காது மடல் சுட்டது. ஆனால் எழுத்து என் முன்னால் இருந்தது. பாவாயக்காவே தாங்குகிறாள் என்கிறார்.

கோபம் முழுக்க பாவாயக்கா பக்கம் திரும்பியது. பயந்துகொண்டு சொல்கிறார் என்று நினைத்தேன். வீடு போய்விடும், வேலை போய்விடும், பெட்டிக்குப் பிடித்த மாதிரி சொல்லிவிட்டுப் போவோம் என்று. எங்கள் ஆட்களிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது. வெள்ளைச் சட்டை கேள்வி கேட்டால் "செரிங்க, நல்லாருக்குதுங்க" என்று கை கட்டுவது. கொட்டகைக்கு நடந்த வேகத்தில் செருப்பு அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு போனேன்.

ஓசோன் அலமாரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தும்பையின் கழுத்தில் குழாய். பை பாதி நிறைந்திருந்தது. ஜெராக்ஸ் கடை வாசனை கொட்டகை முழுக்க.

"ஏனம்மிணி, செருப்பக் கையில புடிச்சுட்டு வாரே? யார அடிக்கப் போறே?"

"உங்களத்தான். எதுக்குக்கா தெனமும் பொய் சொல்றீங்க?"

பாவாயக்காவின் முகம் சுருங்கியது. "யாரு பொய் சொன்னா?"

"தும்பை தாங்குதுன்னு யாரு சொன்னா?"

"நாந்தேன் சொன்னேன். தாங்குதுன்னா தாங்குதுன்னுதான சொல்லோணும்?"

"எங்க தாங்குது? அவ ரத்தம் எப்படிக் கெடக்குதுன்னு தெரியுமா?"

"ரத்தத்தப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் காலத்தான பாக்கறேன்!" குரல் உயர்ந்தது. "கண்ணத் தொறந்து பாரு. முன்னங்கால ரெண்டையும் தாங்குது. மொதல்ல ஒண்ணு, இப்ப ரெண்டும். மண்ணுல ஊன மாட்டீங்கறா. பொறத்தாலயே சாஞ்சு நிக்கறா. அதத்தான் தெனமும் இந்தப் பொட்டிப் புள்ளைகிட்டச் சொல்றேன், தாங்குது தாங்குதுன்னு!"

நான் தும்பையின் கால்களைப் பார்த்தேன்.

தாங்குது. காலைத் தாங்குது. தாங்கித் தாங்கி நடக்கிறது. எங்கள் வீட்டில் மாடு வைத்திருந்தோம். முள் குத்தி வந்தால் என் அம்மா சொல்லும் முதல் சொல் அது. வாயால் கேட்டிருந்தால் எனக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். தோழி அதை அச்சடித்த தமிழில், முழு வாக்கியமாக்கி, புள்ளி வைத்துக் கொடுத்தது. அச்சில் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு வேறு உடம்பு வந்துவிடுகிறது. பாவாயக்கா தினமும் குதிரை நொண்டுகிறது என்று சொல்ல, பெட்டி தினமும் பொறுத்துக்கொள்கிறது என்று எழுதி, ஓசோனைக் கூட்டியிருக்கிறது.

"அப்ப மருந்து ஏத்திக்கிட்டே போனப்ப ஏங்க்கா ஒண்ணும் கேக்கல?"

"எதுக்குக் கேக்கறது? நான் காலத் தாங்குதுன்னு சொல்லச் சொல்ல மருந்து கூடுச்சு. காலுக்குத்தான் வைத்தியம் பண்றாங்கன்னு நெனச்சேன். ஒருத்தராச்சும் நம்ம சொல்றதக் கேக்கறாங்களேன்னு..." முடிக்காமல் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்திருப்பார். "என்ன கண்ணு? ஏன் இப்படி நிக்கறே?"

குனிந்து தும்பையின் குளம்பைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது.

நந்தகோபனுக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். "சார், நீங்க இப்ப வரலைன்னா நான் செருப்போட அங்க வருவேன். ஏற்கெனவே கையிலதான் இருக்கு" என்றேன். வந்தார்.

அந்த ஆளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தும்பை நின்ற நிலையைக் கொட்டகை வாசலிலிருந்து பார்த்ததுமே அவர் நடை மாறிவிட்டது. ஓடி வந்து மண்டி போட்டு, குளம்புக்கு மேலே விரலை வைத்து நாடி பார்த்தார். சட்டையெல்லாம் சாணி. யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படித்த படிப்பு வீண்போகவில்லை, வந்து பார்க்காததுதான் குறை.

"குளம்புக்குள்ள வெந்திருக்கு," என்றார். "இன்னும் எலும்பு கழலலை. இந்தப் பை உள்ள போச்சுன்னா கழண்டு இறங்கிடும். அப்புறம்..."

"அப்புறம் என்னங் டாக்டரு?" என்றார் பாவாயக்கா.

அவர் எழுந்து அலமாரியை நோக்கி நடந்தார். நிற்க முடியாத குதிரைக்குக் கடைசியில் என்ன ஊசி போடுவார்கள் என்பது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும்.

நந்தகோபன் அலமாரியின் பொத்தானை அழுத்தினார். தோழி மரியாதையாகப் பேசியது. "மருத்துவர் ஆணை, பராமரிப்பவர் சொல்லுக்கு முரணாக உள்ளது. நிறுத்த இயலாது."

"கொழாயப் புடுங்கிடறேன்," என்று நான் கையை நீட்டினேன்.

"ஐயோ, தொடாதீங்க! வால்வு அது கையில இருக்கு. இப்ப பிடுங்கினா நரம்புக்குள்ள காத்து போயிடும். நின்ன இடத்துலயே விழுந்துடுவா."

பை நிறைந்தது. ரத்தம் பளபளவென்று சிவந்திருந்தது. பார்க்க அவ்வளவு ஆரோக்கியமான நிறம்.

"தும்பையின் இரத்தம் தயார்," என்றது தோழி. "திருப்பி அனுப்பும் முன் உங்கள் சொல் தேவை, பாவாயி அவர்களே. தும்பை தாங்குகிறாளா?"

"தாங்குதுங்க! அதத்தான நானும்..."

நான் அவர் வாயைப் பொத்தினேன்.

"நன்றி," என்றது தோழி.

"மாத்தணும்னு சொல்லுங்க!" நந்தகோபன் கத்தினார். "சொல்லை மாத்தணும்னு சொல்லுங்கம்மா!"

"மாத்தோணுங்க, மாத்தோணும்!"

"உங்கள் உரிமை. தும்பைக்கு வலி இருக்கிறதா?"

"இருக்குதுங்க. நெறைய இருக்குது."

"வலியைத் தாங்குகிறாளா?"

"தாங்கித் தாங்கித்தான நடக்கறா!"

"மிக நன்று. மீண்டும் மீண்டும் தாங்குகிறாள் என்று பதிவாகிறது."

நந்தகோபன் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, இரண்டையும் விடவில்லை. "நான் பேசறேன். தும்பைக்கு குளம்பு அழற்சி, உடனே நிறுத்து" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். "உங்கள் குரல் பராமரிப்பவர் குரல் அன்று" என்றது. அன்று! இல்லை என்றுகூடச் சொல்லத் தெரியாத பெட்டி.

"அம்மா," என்றார் நந்தகோபன், மெதுவாக. "நொண்டறான்னு சொல்லுங்க. அது புரிஞ்சுக்கும்."

பாவாயக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கை தன்னால் தொடைக்குப் போயிற்று.

"அந்தச் சொல்லு என்ற வாயில வராதுங்க. எந்த உசுரையும் நான் அப்பிடிச் சொன்னதில்ல."

எதைச் சொல்லி அவரை வற்புறுத்துவது? அலமாரிக்குள் மோட்டார் உறுமத் தொடங்கியது. தும்பை காதை மடக்கினாள்.

பாவாயக்கா கண்ணை மூடிக்கொண்டு, யாரோ நெஞ்சிலிருந்து பிடுங்குவது போல, "நொண்டி," என்றார். "என்ற தும்பை நொண்டியாயிட்டா."

"மன்னிக்கவும்," என்றது தோழி. "இது உடற்குறையுள்ளோரை இழிவுபடுத்தும் சொல். பதிவு செய்ய இயலாது. மரியாதையான சொல்லைப் பயன்படுத்துங்கள்."

பாவாயக்கா ஒரு சிரிப்புச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் எங்கேயும் கேட்டதில்லை.

"ஊரே என்னையக் கூப்புட்டப்ப எங்கடி போயிருந்தே நீ?"

"கேள்வி விளங்கவில்லை. முந்தைய சொல்லே நிலைக்கும். இரத்தம் திருப்பி அனுப்பப்படுகிறது."

குழாயின் மேல்முனையில் சிவப்பு நகர ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பெட்டிக்கு எங்கள் தமிழைக் கற்றுக்கொடுக்க நேரம் இல்லை. அதன் தமிழில் நாங்கள் பேசிவிட வேண்டும்.

"அக்கா, தாங்கலன்னு சொல்லுங்க."

"என்னது?"

"தாங்கல. அவ்வளவுதான். சொல்லுங்க!"

"அதெப்பிடிச் சொல்றது? தாங்குதே!" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "தாங்கற காலப் போயி தாங்கலன்னு சொல்லச் சொல்றியா? இந்த வாயில இருந்து அந்தப் பொட்டிக்குள்ள ஒரு பொய் போனதில்ல. ஒருத்தரும் கேக்காத சொல்ல அது ஒண்ணுதான் கேட்டுச்சு. அதுகிட்டப் பொய் சொல்லச் சொல்றே!"

"அதோட தமிழ்ல அது பொய் இல்லக்கா! உங்களுக்குத் தாங்கலன்னா கால் நல்லாருக்குதுன்னு அர்த்தம். அதுக்குத் தாங்கலன்னா பொறுக்க முடியலன்னு அர்த்தம். இனிமே முடியாது, போதும், விட்டுருன்னு அர்த்தம்."

"பொறுக்க முடியலன்னா?"

"ஆமா."

சிவப்பு பாதிக் குழாயைத் தாண்டியது. பாவாயக்கா தும்பையின் கழுத்தில் கன்னத்தை வைத்தார்.

"தாங்கல," என்றார்.

"தெளிவாகச் சொல்லுங்கள்."

"தாங்கல சாமி. தாங்கல. இத்தன நாளாத் தாங்கல. ஒரு நாளும் தாங்கல. போதும், விட்டுரு."

மோட்டார் நின்றது. வால்வு 'டக்' என்று மூடிக்கொண்டது. குழாயில் வந்த சிவப்பு கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது.

"வருந்துகிறேன், பாவாயி அவர்களே," என்றது தோழி. "சிகிச்சை நிறுத்தப்பட்டது. தும்பைக்கு ஓய்வு அளிக்கப்படுகிறது. உங்கள் சொல்லுக்கு நன்றி."

நந்தகோபன் குழாயைக் கழற்றினார். பாவாயக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் அழவில்லை. தும்பை குனிந்து என் தோளைக் கடித்தாள். அவளுக்கு நாங்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை போல.

"ஐஸ் வேணும்," என்றார் நந்தகோபன். "நிறைய. குளம்பு முங்கற மாதிரி."

பண்ணையில் இருந்த ஐஸ் எல்லாம் கரு வரும் பெட்டிக்கு என்று பூட்டி வைத்திருந்தார்கள். நான் ரோட்டுக்கு ஓடி, மேட்டூர் மீன் விற்கிற வண்டிக்காரரை நிறுத்தினேன். கட்லா வேண்டுமா ஜிலேபி வேண்டுமா என்று கேட்டார். மீன் வேண்டாம் அண்ணா, ஐஸ் மட்டும் வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். வண்டியைக் கொட்டகைக்கே ஓட்டிக்கொண்டு வந்து மொத்தத்தையும் தொட்டியில் கொட்டினார். தும்பை முன்னங்கால் இரண்டையும் ஐஸுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் கீழுதட்டைத் தொங்கப் போட்டுக் கண்ணைச் செருகினாள்.

"சொகத்தப் பாரு," என்றார் பாவாயக்கா. "மீன் நாத்தம் குடலப் பொரட்டுது. மகாராணிக்கு ஒறக்கம் வருது."

மத்தியானம் கரு வந்தது. வந்தபடியே திரும்பிப் போனது. மேனேஜர் முதல் நாளுக்குப் பிறகு அன்றுதான் என்னிடம் நேரடியாகப் பேசினார், நிறையப் பேசினார். நான் கேட்டுக்கொண்டேன். நந்தகோபன் நடுவில் வந்து, "என் குதிரை சார் அது, நான் பொறுப்பு" என்றார். பொறுப்பு பாவாயி மேல் அல்லவா வர வேண்டும் என்று மேனேஜர் சட்டத்தை எடுத்தார். "அவங்க ஆரம்பத்துலேர்ந்து சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ரெக்கார்டிங் இருக்கு. கேட்டுப் பாருங்க" என்றார் நந்தகோபன்.

கேட்டோம். அப்புறம் கம்பெனியே பயந்துபோய் மற்றப் பண்ணைகளின் குரல் பதிவுகளையும் எனக்கு அனுப்பியது. காங்கேயம், பெருந்துறை, தாராபுரம் என்று எங்கெல்லாம் நாட்டுக் குதிரைகள் இருந்தனவோ அங்கெல்லாம் பெண்கள் பெட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாங்குதுங்க. முன்னங்கால தாங்குதுங்க. ஒரு அம்மா, "தாங்குது சாமி, பாத்து ஏதாச்சும் பண்ணுங்க" என்று கெஞ்சியிருந்தார். அதைத் தோழி இப்படி எழுதியிருந்தது: தாங்குகிறாள். பராமரிப்பவர் நன்றி தெரிவித்தார்.

அந்த வரியை வாசித்தபோது வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் அதோடு வேறொன்றும் வந்தது. அவர்கள் யாரும் கை கட்டி நின்றிருக்கவில்லை. பயந்துகொண்டு "நல்லாருக்குதுங்க" என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் உள்ளதை உள்ளபடி, உரக்க, தினமும் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எல்லாப் பண்ணைகளிலும் ஓசோனை நிறுத்தினார்கள். பெரும்பாலும் நேரத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

தோழிக்குப் பாடம் எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். 'தாங்குது' என்பதற்கு எத்தனை பொருள், எந்த ஊரில் எப்படி, எல்லாம் விளக்கி எழுதி அனுப்பினேன். இப்போது யாராவது தாங்குது என்றால் தோழி உடனே ஊசியை நிறுத்தி, ஓய்வு கொடுத்து, மருத்துவரைக் கொட்டகைக்கு வரச் சொல்கிறது. நந்தகோபனுக்கு வெயில் பழகிவிட்டது. தொப்பி வாங்கியிருக்கிறார், நன்றாகவே இல்லை.

ஆடி பிறந்தபோது தும்பை குணமாகிவிட்டாள். கற்களில்கூட அஞ்சாமல் கால் வைக்கிறாள். அன்று காலை நானும் நந்தகோபனும் கொட்டகையில் இருந்தோம்.

"வணக்கம், பாவாயி அவர்களே. இன்று தும்பை எப்படி இருக்கிறாள்?"

பாவாயக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, "தாங்கலைங்க!" என்றார். "துளிகூடத் தாங்கலைங்க!"

"வருந்துகிறேன். தும்பைக்கு ஓய்வு நீட்டிக்கப்படுகிறது."

நந்தகோபன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வளர்மதி, இந்தச் சொல்லுக்கும் திருத்தம் அனுப்பணும் இல்லையா?"

"அனுப்பணும் சார்."

"எழுதிட்டீங்களா?"

"கஷ்டமான சொல்லு சார் அது. ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எவ்வளவு நாளாகும்?"

"தெரியல சார்."

"சரி, அவசரமில்ல," என்றார்.

இப்போது காலைத் தாங்கினாலும் தும்பைக்கு ஓய்வு, தாங்காவிட்டாலும் ஓய்வு. அவள் வயிற்றில் இனி யாருடைய பிள்ளையாவது ஏற வேண்டும் என்றால், கம்பெனிக்காரர்கள் வேறு சொல் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வரட்டும். அந்தச் சொல் முதலில் பாவாயக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.